நீரும் மாந்தரும் – 17: தலைமடையின் ஆதாயம் – பாலித் தீவின் சுபக்குகள்

ஆற்றுநீரைப் பங்கிட்டு வேளாண்மை செய்த எந்தச் சமூகத்தின் வரலாற்றைப் புரட்டினாலும் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான வழக்கு அதில் தவறாமல் இடம்பெற்றிருக்கும். மேலே நிலம் வைத்திருப்பவர் நினைத்தால் வாய்க்காலை அடைத்துத் தமக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள முடியும். கீழே இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தலைமடையைக் கட்டுப்படுத்த அரசனின் ஆணையோ, ஊராரின் தண்டமோ, ஸ்பெயினின் வாலென்சியா நகரில் இன்றும் வியாழக்கிழமைதோறும் கூடும் நீர்மன்றம் போன்றதொரு அமைப்போ தேவைப்பட்டது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் இவற்றோடு வேறொரு வழியும் உருவாயிற்று. அங்கே தலைமடை உழவர்கள், கடைமடைக்குத் தண்ணீர் விடுவதில் தமக்கே ஆதாயம் இருப்பதைக் கண்டனர். அந்த ஆதாயம் எது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் திட்ட வல்லுநர்கள் அறியாமல் போனதற்கு உரிய விலையைத் தீவின் வயல்கள் கொடுத்தன.

பாலி மழைக்குப் பஞ்சமான தீவு அன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடமேற்குப் பருவக்காற்று, பாத்தூர், ஆகுங், பாத்துகாரு முதலிய எரிமலைகளின் சரிவுகளில் நல்ல மழையைப் பொழிகிறது. எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணும் வளமானது. ஆயினும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மென்மையான சாம்பற்பாறையை அறுத்துக்கொண்டு தெற்கே கடலை நோக்கி ஓடிய ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கிவிட்டன. வயல் மேலே கரையில் இருக்க, ஆறு பல பத்து அடிகளுக்குக் கீழே ஓடுகிறது. எனவே ஆற்றின் மேற்பகுதியில் வெகுதொலைவுக்கு அப்பால் சிறு அணை கட்டி, அங்கிருந்து நீரைத் திருப்பி, மலைமுகட்டினூடே சுரங்கம் வெட்டி, ஆற்றைவிட மெல்லிய சரிவில் அதை நடத்திக்கொண்டு வந்தால்தான் அது வயலின் மட்டத்துக்கு வந்துசேரும். இவ்வாறு குடைந்த சுரங்கங்களில் சில ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீள்பவை. கைக்கருவிகளைக் கொண்டு பாறைக்குள் இவ்வளவு தூரம் மட்டம் பிசகாமல் தோண்டியவர்களின் திறம் வியப்புக்குரியது. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பாலி சாசனங்களிலேயே சுரங்கம் வெட்டும் தொழிலாளர் தனிப் பிரிவினராகக் குறிக்கப்பட்டுள்ளனர் என்பதால், இக்கலை அக்காலத்துக்கு முன்பே அங்கு வேரூன்றியிருக்க வேண்டும்.

இத்தகைய அணையையும் சுரங்கத்தையும் ஒற்றைக் குடும்பமோ ஒரே ஊரோ கட்டிக் காப்பது அரிது. ஒரு கால்வாயின் நீர் பல ஊர்களின் வயல்களைக் கடந்து செல்கிறது. ஓர் ஊராரின் வயல்களோ பல கால்வாய்களின் கீழ் சிதறிக் கிடக்கின்றன. அதனால் பாலியில் ஊர் ஓர் அமைப்பாகவும் நீர் வேறோர் அமைப்பாகவும் பிரிந்து வளர்ந்தன. ஒரே மூலத்திலிருந்து நீர் பெறும் வயல்களின் உடைமையாளர் அனைவரும், அவர்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும், ஒரு சங்கமாக இணைந்தனர். சுபக் எனப்படுவது இந்தச் சங்கமே. 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் இதற்கு நெருங்கிய சொல்வடிவம் காணப்படுகிறது. யுனெஸ்கோ தரும் கணக்கின்படி, தீவில் ஏறத்தாழ 1,200 சுபக்குகள் உள்ளன; ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 வரையிலான உழவர்கள் உறுப்பினராக இருக்கின்றனர். தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அவருக்குப் பெகாசே என்று பெயர். அவிக்-அவிக் எனப்படும் விதித்தொகுப்பு ஒவ்வொரு சுபக்குக்கும் தனியாக உண்டு. நீர் திருடியவருக்கும், வாய்க்கால் தூர்வாரும் நாளில் வராதவருக்கும், குறித்த காலத்துக்கு முன்போ பின்போ நாற்று நட்டவருக்கும் உரிய தண்டம் அதில் வகுக்கப்பட்டிருக்கும். சாதிப் படிநிலை வலுவாக இருந்த சமூகத்தில், சுபக்கின் கூட்டத்தில் மட்டும் உயர்குடியினரும் எளிய உழவரும் ஒரே விதிக்கு உட்பட்ட உறுப்பினராக அமர்ந்தனர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நீரை அளக்க அவர்கள் கையாண்ட முறை எளியது. வாய்க்கால் கிளை பிரியும் இடத்தில் கிடையாகப் பதிக்கப்படும் மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு அகலமுள்ள வெட்டுகள் இருக்கும். ஆழம் எல்லா வெட்டுகளுக்கும் ஒன்றே. இக்கட்டைக்குத் தெம்புகு என்று பெயர். ஆற்றில் நீர் பெருகினாலும் குறைந்தாலும் வெட்டுகளின் அகல விகிதம் மாறுவதில்லை. ஆகவே பஞ்சமும் மிகுதியும் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வந்துசேர்கின்றன. ஏற்றி இறக்கும் மதகுப் பலகை எதுவும் இல்லாததால், அதை இயக்குபவரை நம்ப வேண்டிய கட்டாயமும் எழவில்லை. எவர் வேண்டுமானாலும் வரப்பில் நின்று வெட்டின் அகலத்தை விரலால் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். தெனா என்ற அலகு இவ்வேற்பாட்டின் அடிப்படை. ஓர் உழவருக்குரிய நீர்ப்பங்கையும், அந்நீர் பாயும் நிலப்பரப்பையும், அந்நிலத்துக்கு வேண்டிய விதைநெல்லையும் இந்த ஒரே அலகு குறித்தது.

சுபக்குக்கு மேலே கோயில்களின் வரிசை தொடங்குகிறது. வயலில் நீர் நுழையும் மூலையில் ஒவ்வோர் உழவருக்கும் ஒரு சிறு மாடம். கால்வாயின் தலையில் சுபக்கின் பொதுக்கோயில். ஆற்றில் அணை கட்டிய இடத்தில் அணைக்கோயில். ஓர் அணையின் நீரையோ அடுத்தடுத்த சில அணைகளின் நீரையோ பயன்படுத்தும் பல சுபக்குகள் கூடுவதற்கு மாசெத்தி எனப்படும் வட்டாரக் கோயில். இவை அனைத்துக்கும் உச்சியில், பாத்தூர் எரிமலை வாயின் விளிம்பில், ஏரித்தெய்வமான தேவி தானுவுக்குரிய ஊலுன் தானு பாத்தூர் கோயில் நிற்கிறது. பாத்தூர் ஏரிக்கு வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லை. எனினும் மலைச்சரிவில் கசிந்து ஊற்றெடுக்கும் நீரெல்லாம் அந்த ஏரியிலிருந்து வருவதே என்பது பாலி மக்களின் நம்பிக்கை. 200-க்கும் மேற்பட்ட சுபக்குகள் அங்கே காணிக்கை செலுத்துகின்றன. ஜெரோ கெடே எனப்படும் அதன் தலைமைப் பூசாரி உயர்குடியில் பிறந்தவர் அல்லர். முந்தைய பூசாரி மறைந்த பிறகு, அருள்வாக்குச் சொல்லும் கன்னிப் பூசாரிணி ஒருவரின் வாயிலாகச் சிறுவனாக இருக்கும்போதே தெரிவுசெய்யப்பட்டு வாழ்நாள் முழுதும் அப்பொறுப்பை வகிக்கிறார். புதிய கால்வாய் வெட்டுவதற்கும் புதிய வயல்களைத் திருத்துவதற்கும் அக்கோயிலின் இசைவு நாடப்பட்டது. 1926-இல் எரிமலைக் குழம்பு பழைய கோயிலையும் ஊரையும் மூடியபோது, கோயில் மலை விளிம்புக்கு இடம்பெயர்ந்ததே தவிர, அதன் அதிகாரம் குன்றவில்லை.

இந்த அமைப்பில் மன்னர்களின் பங்கு என்ன என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. பெரும் பாசன வேலைகளே கீழை நாடுகளில் கொடுங்கோல் அரசுகளைத் தோற்றுவித்தன என்று கார்ல் விட்ஃபோகல் 1957-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதற்கு மாறாக, 1880களிலேயே வடபாலியின் நெல் வேளாண்மையை ஆராய்ந்த டச்சு அதிகாரி லீஃப்ரிங்க், சுபக்குகள் தம்மைத் தாமே ஆண்டுகொண்டதை விவரித்திருந்தார். அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸும் 1980-இல் அதே முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் பிரிகிட்டா ஹவுசர்-ஷொய்ப்ளின் போன்றோர், மெங்வி முதலிய அரச குலங்கள் அணைகளுக்கும் கோயில்களுக்கும் புரவலராக இருந்ததை எடுத்துக்காட்டி, அரசனை முற்றாக விலக்கிவிடுவது சரியன்று என மறுத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் மெங்வி அரச குலத்தின் ஆதரவில் மேலோங்கிய தாமான் ஆயுன் கோயில் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. சான்றுகளை ஒருசேர நோக்கினால், அரசன் அணை கட்ட உதவினான், வரி பெற்றான், கோயிலுக்குக் கொடையளித்தான். ஆயினும் எந்த நாளில் எந்தச் சுபக் நீர் திறப்பது என்பதை அரண்மனை முடிவு செய்யவில்லை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

அந்த முடிவை எடுத்தவை மாசெத்திக் கோயில்களில் கூடிய பெகாசேக்களின் கூட்டங்கள். பாலியின் நாட்காட்டி 210 நாள் கொண்டது. ஒரு நாள் முதல் பத்து நாள் வரையிலான பலவகை வாரங்கள் அதில் ஒருங்கே ஓடுகின்றன. மரப்பலகையிலோ துணியிலோ குறிகளாகத் தீட்டப்பட்ட தீகா என்னும் அந்த நாட்காட்டியைப் பார்த்து, எந்தச் சுபக்குகள் முதலில் நாற்றுவிடுவது, எவை பின்தொடர்வது, எல்லாரும் எப்போது அறுவடையை முடிப்பது, எத்தனை நாள் வயல்களைச் சேர்ந்தாற்போல் தரிசாகப் போடுவது என்பதைப் பருவந்தோறும் வகுத்துக்கொண்டனர். இக்கூட்டங்கள் வழிபாட்டு நாளை ஒட்டியே நடந்தமையால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை சமயச் சடங்காக மட்டுமே தோன்றின.

உண்மையில் அங்கே முடிவானது நீரைக் காட்டிலும் நுட்பமான ஒன்று. நெல்வயலின் பகைவர்களான எலியும் தத்துப்பூச்சியும் தத்துப்பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய்களும் பசுமை உள்ள இடத்திலிருந்து பசுமை உள்ள இடத்துக்கு நகர்ந்து உயிர்வாழ்பவை. பரந்ததொரு நிலப்பரப்பு முழுவதும் ஒரே காலத்தில் அறுவடையாகி, தாள்கள் எரிக்கப்பட்டோ நீரில் மூழ்கடிக்கப்பட்டோ சில வாரங்கள் கிடந்தால், அவற்றுக்கு இரையும் இல்லை, புகலிடமும் இல்லை. அந்த இடைவெளியில் வயல்களில் இறக்கிவிடப்படும் வாத்துக்கூட்டங்கள் சிந்திய நெல்லோடு நத்தைகளையும் பூச்சிகளையும் தின்று தீர்க்கின்றன. ஆனால் தரிசுப் பரப்பு பூச்சி பறந்து கடக்க முடியாத அளவு விரிந்திருக்க வேண்டும். ஒரு சுபக் மட்டும் தரிசு போட்டால் பயனில்லை. மறுபுறம், எல்லாச் சுபக்குகளும் ஒரே நாளில் நட்டால், நடவுக்கு வேண்டிய பெரும் நீரை ஒரே சமயத்தில் ஆற்றால் தர இயலாது. நீர்ப்பற்றாக்குறை நடவைப் பிரித்துச் செய்யச் சொல்கிறது. பூச்சி சேர்த்துச் செய்யச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே எத்தனை சுபக்குகள் ஒன்றாகச் செல்லலாம் என்ற கணக்கைத்தான் மாசெத்திக் கோயில்கள் பல நூற்றாண்டுகளாகப் போட்டுவந்தன.

1970களில் இக்கணக்கு கலைக்கப்பட்டது. அப்போது உலகிலேயே மிகுதியாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளின் முன்வரிசையில் இருந்த இந்தோனேசியா, தன்னிறைவு அடையும் நோக்குடன் பீமாஸ் என்ற பெருந்திரள் வழிகாட்டுத் திட்டத்தைச் செயற்படுத்தியது. பிலிப்பைன்ஸின் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்டதும் தமிழ் உழவர்கள் நன்கறிந்ததுமான ஐ.ஆர். 8 முதலிய குட்டை ரகங்களின் விதை, உரம், பூச்சிக்கொல்லி, இவற்றை வாங்கக் கடன் ஆகியன ஒரே தொகுப்பாக உழவர்களுக்கு வழங்கப்பட்டன. பாலியின் பழைய நெல் முதிர ஐந்தாறு மாதங்கள் ஆகும். புதியவை ஏறத்தாழ நான்கு மாதத்தில் கதிர் முற்றுபவை. ஆகவே கோயில் முறையை எதிர்பாராமல், முடிந்தபோதெல்லாம் நடும்படி உழவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 1977-க்குள் தென்பாலியின் வயல்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புதிய ரகங்களே விளைந்தன. முதல் சில போகங்கள் நல்ல விளைச்சலைத் தந்தன. அதன் பின்னர், எப்போதும் எங்காவது பசுமை இருந்த அந்நிலத்தில் புகையான் என்னும் தத்துப்பூச்சி பெருகி வயல்களைத் தீய்த்தது. அதைத் தாங்கும் ஐ.ஆர். 36 வந்தது; அது துங்ரோ என்னும் நச்சுயிரி நோய்க்கு இரையாயிற்று. அதற்கு மாற்றாக வந்த ரகத்தைச் செம்புள்ளி நோய் தாக்கியது. பூச்சிக்கொல்லி தெளிப்பு அதிகரித்தபோது, தீமை செய்யும் பூச்சிகளை உண்டு வாழ்ந்த சிலந்திகளும் வண்டுகளும் முதலில் மடிந்தன. 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்ததென்னவோ உண்மை. ஆனால் நாடெங்கும் புகையான் மீண்டும் தலையெடுத்ததால், 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்வயலில் பயன்படுத்துவதைத் தடைசெய்து குடியரசுத் தலைவரே ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

இதே காலத்தில், 1979-இல், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் பாலிப் பாசனத் திட்டம் தொடங்கிற்று. அணைகள் கற்காரையில் புதுக்கப்பட்டன; தெம்புகு இருந்த இடங்களில் ஏற்றி இறக்கும் இரும்பு மதகுகள் பொருத்தப்பட்டன; நீர்ப்பங்கீடு அரசுப் பொறியாளரின் அளவீட்டுக்கு மாற்றப்பட வேண்டும் என்று வகுக்கப்பட்டது. திட்ட ஆவணங்களில் கோயில்களுக்கு எவ்வித வேலையும் இல்லை. அம்மதகுகளை உழவர்கள் பல இடங்களில் பயன்படுத்தாமலே விட்டனர். சில இடங்களில் பெயர்த்தெடுத்தனர். அதிகாரிகள் இதை மரபின் பிடிவாதமாகக் கருதியிருக்கலாம். எனினும் திறக்கவும் மூடவும் கூடிய மதகு, இரவில் எவரேனும் திறந்துகொள்ளக்கூடிய மதகாகவும் இருக்கும் என்பதை உழவர்கள் சரியாகவே கணித்தனர். மரக்கட்டையின் வெட்டில் அத்தகைய சூதுக்கு இடமில்லை.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் லேன்சிங் 1970களிலிருந்தே இக்கோயில்களை ஆராய்ந்துவந்தார். கோயில் கூட்டங்களே பாசனத்தை நடத்துகின்றன என்று அவர் எடுத்துரைத்ததைத் திட்ட அலுவலர்கள் பொருட்படுத்தவில்லை. சொல்லால் நிறுவ முடியாததை எண்ணால் நிறுவ அவர் முற்பட்டார். சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமருடன் இணைந்து, ஊஸ், பெதானு ஆகிய இரு ஆறுகளின் பாசனத்தில் உள்ள 172 சுபக்குகளைக் கணினி மாதிரியாக வடித்தார். மழை, ஆற்றின் ஓட்டம், பயிரின் வளர்ச்சி, பூச்சியின் பெருக்கம் ஆகியவை அதில் உள்ளிடப்பட்டன. ஒவ்வொரு சுபக்கும் தன் விருப்பப்படி நட்டால் என்ன ஆகும், அனைத்தும் ஒரே நாளில் நட்டால் என்ன ஆகும், இடைப்பட்ட அளவுகளில் குழுவாக நட்டால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றி இயக்கிப் பார்த்தபோது, முதலாவதில் பூச்சியாலும் இரண்டாவதில் நீரின்மையாலும் விளைச்சல் சரிந்தது. மாசெத்திக் கோயில்களின் வட்டார அளவை ஒத்த குழுக்களே உச்ச விளைச்சலைத் தந்தன. அதைவிடக் குறிப்பிடத்தக்கது அடுத்த கட்டச் சோதனை. ஒவ்வொரு சுபக்கும் தன் அண்டைச் சுபக்குகளைப் பார்த்து, அவற்றுள் மிகுதியாக விளைவித்தது எதுவோ அதன் நடவுமுறையை அடுத்த ஆண்டு பின்பற்றும் என்ற ஒரே விதியை மட்டும் கொடுத்து மாதிரியை ஓடவிட்டனர். சில ஆண்டுச் சுழற்சிகளுக்குள், எவரும் வரையாமலே, உண்மையான கோயில் வலைப்பின்னலை ஒத்த வடிவம் அதில் தோன்றிற்று. பெரும் அரசனோ பெரும் திட்டமோ இல்லாமல் இத்தகைய ஒழுங்கு எவ்வாறு உருவாகியிருக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நேரிய விடை அதுவரை கிடைத்ததில்லை. ஆசிய வளர்ச்சி வங்கி 1988-இல் தன் திட்டத்தைத் தானே மதிப்பிட்ட அறிக்கையில், மரபு முறையின் தகுதியை உணராமல் போனதற்கான விலை பெரிது என்பதை ஒப்புக்கொண்டது.

தலைமடையின் ஆதாயம் எது என்பதும் இந்த ஆய்வுத் தொடர்ச்சியில்தான் தெளிவாயிற்று. 1998-இல் 10 சுபக்குகளைச் சேர்ந்த 150 உழவர்களிடம், நீர்க்குறைவு, பூச்சிச் சேதம் ஆகிய இரண்டில் எது தமக்குப் பெரிய இடர் என்று கேட்கப்பட்டது. கடைமடையார் பெரும்பாலும் நீரையும், தலைமடையார் பூச்சியையும் சுட்டினர். தலைமடைக்கு நீரில் குறைவில்லை; ஆனால் கடைமடை நீரின்றிப் பிந்தி நட்டால், தலைமடை அறுவடையாகும் வேளையில் கீழே பயிர் பசுமையாக நிற்கும்; அங்கே பெருகும் பூச்சி அடுத்த போகத்தில் மேலேறி வரும். ஆகவே கீழே உள்ளவர்களும் தம்மோடு சேர்ந்து நட்டுச் சேர்ந்து அறுக்க வேண்டுமானால், அவர்களுக்கு வேண்டிய நீரை உரிய காலத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நீரைத் தடுக்கும் ஆற்றல் மேலே உள்ளவர் கையிலும், பூச்சியை ஏவும் ஆற்றல் கீழே உள்ளவர் கையிலும் இருந்தமையால், இருவரும் ஒரே கோயிலில் அமர்ந்து பேசும் நிலை நிலைபெற்றது. ஏரித்தெய்வத்தின் மீதான பக்தி பொய்யென்று இதனால் ஆகிவிடாது. அந்தப் பக்தியே தலைமுறை தலைமுறையாக அவர்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தது.

உரத்தைப் பற்றிய உண்மையும் பின்னர் வெளிப்பட்டது. எரிமலைப் பாறைகளிலிருந்து கரைந்துவரும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பாசன நீரிலேயே போதிய அளவு இருக்க, அரசுத் தொகுப்பில் வந்த உரம் பெரும்பகுதி வீணாக ஆற்றில் இறங்கிக் கடலைச் சேர்ந்து, கரையோரப் பவளத்திட்டுகளில் பாசியைப் பெருக்கியது. வயலுக்குத் தேவையற்ற உரத்தை உழவர் கடன் வாங்கி இட்டனர் என்பது இவ்வரலாற்றின் துயரமான பக்கம்.

2012-இல் பாத்தூர் கோயிலும் ஏரியும், பெகெரிசான் ஆற்றுப்படுகையும், பாத்துகாரு மலைச்சரிவின் ஜாத்திலுவி முதலிய அடுக்கு வயல்களும், தாமான் ஆயுன் கோயிலும் சேர்ந்த 19,500 ஹெக்டேர் நிலம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இறைவனோடும் பிற மாந்தரோடும் இயற்கையோடும் இசைந்து வாழ்தலே நலத்தின் மூன்று காரணங்கள் என்னும் பொருள்படும் திரி ஹித கரணா கோட்பாட்டின் வெளிப்பாடாகச் சுபக் அப்போது பாராட்டப்பட்டது. அந்த அறிவிப்பின் விளைவாக அடுக்கு வயல்களைக் காண வருவோர் பெருகினர். அவர்களுக்கான உணவகங்களும் விடுதிகளும் வயல்களின் மீதே எழுந்தன. 2019-இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் பாலிக்கு வந்தனர். அவர்களுக்காக ஊற்றுகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் நீர் திருப்பப்படுவதால் தென்பாலியின் கரையோரங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவருகிறது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற அதற்கான வரியும் ஏறுவதால், விளைச்சலைக் கொண்டு வரி கட்ட இயலாத உழவர் நிலத்தை விற்கின்றனர்; அவர்களின் பிள்ளைகள் விடுதி வேலைக்குச் செல்கின்றனர்.

விற்கப்பட்ட வயல் ஒன்றின் இழப்பு அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை. அடுக்கு வயலில் நீர் வயலிலிருந்து வயலுக்கு இறங்குவதால், நடுவே ஒரு வீட்டின் மதிலெழுந்தால் அதற்குக் கீழுள்ள வாய்க்கால் வறள்கிறது. சேர்ந்து தரிசு போடும் பரப்பு சுருங்குகிறது. தூர்வார வரும் கைகள் குறைகின்றன. பாலி மாகாண அரசு 2012-இல் சுபக்குக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. நீரைத் தனியார் வணிகத்துக்குத் திறந்துவிட்ட 2004-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டத்தை இந்தோனேசிய அரசமைப்பு நீதிமன்றம் 2015-இல் செல்லாதென அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சுபக்கின் அதிகாரம் தோன்றிய நாள்முதல் நீரின் மீது அமைந்ததே தவிர நிலத்தின் மீது அமைந்ததன்று. அவிக்-அவிக் விதிகள் நீர் திருடியவருக்குத் தண்டம் விதிக்க முடியும், பிந்தி நட்டவரைக் கூட்டத்தில் நிறுத்த முடியும். தன் வயலை விலைக்கு விற்கும் உறுப்பினரையோ, அதை வாங்கிக் கற்காரை கொட்டுபவரையோ தடுக்கும் விதி எதுவும் பெகாசேயின் கையில் இல்லை.

(தொடரும்)